சேலம் – திப்ரூகர் மூன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள்

தம்பிக்கு அசாமில் தின்சுகியா பக்கம் போஸ்டிங். குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்துவிட்டது. அவன் மனைவியையும் ஒன்றரை வயதுக் குழந்தையையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும், பேரனைப் பிரிய மனமில்லாமல் அம்மாவும் கூட வருகிறேன் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் விமானம் ஏறியதில்லை. டிக்கெட் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் முதலில் செய்தது, சேலம் விமான நிலையத்துக்கும், தின்சுகியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் திப்ரூகர் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடிப் பார்த்ததுதான். சுமார் 2,480 கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்றரை மணி என்று வந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிட்டால் மத்தியானச் சாப்பாடு தம்பி வீட்டில்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தது மறுநாள் மத்தியானம். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து முப்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது, போட்ட கணக்குக்கு மேல் முப்பதாயிரம் ரூபாயும் போயிருந்தது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் ராணுவத்தில் பிள்ளை இல்லாத ஊர் குறைவு, அசாமுக்கோ அருணாச்சலத்துக்கோ முதல் தடவையாகக் கிளம்பும் அம்மாக்களும் மருமகள்களும் நிறையப் பேர் இருப்பீர்கள். நாங்கள் பட்டதை நீங்கள் பட வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அந்த 'மூன்றரை மணி' என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

தூரம் காட்டும் தளங்கள் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பூமியின் மேல் ஒரு நேர்கோடு இழுத்து அளக்கின்றன. அதை ஜெட் விமானத்தின் வேகத்தால், மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து, வகுத்துவிட்டு, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடுகின்றன. கணக்கில் தப்பில்லை. ஆனால் சேலத்தில் ஏறி திப்ரூகரில் இறங்குகிற மாதிரி ஒரு விமானம் கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சில தளங்கள் அதே தூரத்தை 1,540 என்றும் சில 1,340 என்றும் காட்டும். முதலாவது மைல், இரண்டாவது கடல் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். குழம்ப வேண்டாம், மூன்றும் ஒரே தூரம்தான். இன்னொன்று, அமெரிக்காவிலும் சேலம் என்று ஊர் இருக்கிறது, அங்கேயும் விமான நிலையம் இருக்கிறது. நம் சேலத்தின் குறியீடு எஸ்எக்ஸ்வி, திப்ரூகரின் குறியீடு டிஐபி. இந்த மூன்றெழுத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் தேவைப்படும்.

நீங்களே கணக்குப் போட வேண்டுமானால் மொத்த தூரத்தை விட்டுவிட்டு, விமானம் உண்மையில் ஓடுகிற ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். சேலம் – சென்னை மாதிரி சின்னத் துண்டுகளில் இறக்கை விசிறி வைத்த ஏடிஆர் விமானம்தான் ஓடும், அதற்கு மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இதைவிடக் கால் மணி, அரை மணி கூட இருக்கலாம், ஏனென்றால் ஓடுதளத்தில் ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்ந்தது.

2. எங்கே ஏறுவது

நம் பக்கத்தாருக்கு மூன்று வழி இருக்கிறது.

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறங்கினால் ஒரு மணி நேரத்துப் பாதை, அலைச்சலே இல்லை. ஆனால் அங்கிருந்து போகிற ஊர்கள் கை விரலுக்குள் அடங்கும். சென்னை போய், கொல்கத்தா போய், அப்புறம் திப்ரூகர், அதாவது இரண்டு இடத்தில் மாற வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இந்த வழியின் மொத்த தூரம் சுமார் 2,500 கிலோமீட்டர்தான், நேர்கோட்டைவிட இருபது கிலோமீட்டர் கூட. ஆகாயத்தில் இருக்கும் நேரமும் ஐந்து மணிதான். நேரத்தைத் தின்பது சுற்று வழி இல்லை, நடுவில் காத்திருப்பது. சென்னையில் மூன்று மணி, கொல்கத்தாவில் மூன்று மணி என்றால் பகல் போய்விடும்.

பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு 90 கிலோமீட்டர், ஊரைத் தாண்டி விமான நிலையம் போக இன்னும் முப்பத்தைந்து. தர்மபுரியிலிருந்து என்றால் கூட ஒரு 45 கிலோமீட்டர். ரோட்டில் கஷ்டம் உண்டு, ஆனால் ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும். குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் இதுதான் என் யோசனை. நேரடி விமானம் ஏதாவது உங்கள் தேதிக்கு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், நாங்கள் போன தேதிக்கு இல்லை.

சென்னை, கிருஷ்ணகிரியிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். பர்கூர், ஊத்தங்கரை பக்கத்தார் ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்துச் சென்னை போய்ப் பறக்கலாம். டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

3. எந்த ஊரில் மாறுவது

பெங்களூரு – கொல்கத்தா 1,546 கிலோமீட்டர், கொல்கத்தா – திப்ரூகர் 852. கூட்டினால் 2,398. பெங்களூருக்கும் திப்ரூகருக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரமும் 2,398-தான். நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். கொல்கத்தா அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் கொல்கத்தா வழியாகப் போனால் ஒரு கிலோமீட்டர்கூட வீண் இல்லை. முதல் விமானம் இரண்டரை மணிக்குக் கொஞ்சம் கூட, இரண்டாவது ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூட.

குவாஹாத்தி வழியும் நல்ல வழிதான். பெங்களூரிலிருந்து சுமார் 2,040 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கிருந்து திப்ரூகர் 370 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். இதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டாவது விமானம் ரத்தானாலும் நீங்கள் அசாமுக்குள் வந்துவிட்டீர்கள், ராத்திரி ரயிலோ பஸ்ஸோ பிடித்துக் காலையில் போய்விடலாம். கொல்கத்தாவில் மாட்டினால் அப்படி முடியாது.

டெல்லி வழி டிக்கெட் சில நாள் மலிவாகக் காட்டும். பெங்களூரிலிருந்து வடக்கே 1,700 கிலோமீட்டர் போய், அங்கிருந்து கிழக்கே 1,760 கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்று. தலைக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு சுற்ற வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் மூடுபனி வேறு, காலை விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும்.

4. எல்லாத் துண்டும் ஒரே பிஎன்ஆரில் (டிக்கெட்டின் பதிவு எண்ணில்) இருக்க வேண்டும்

நாங்கள் மாட்டியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தேடும்போது பெங்களூரு – திப்ரூகர் என்று சேர்த்துப் போட்டால் ஒரு விலை வந்தது. பெங்களூரு – கொல்கத்தா தனியாக, கொல்கத்தா – திப்ரூகர் தனியாக வேறு கம்பெனியில் போட்டால் நாலு பேருக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் குறைந்தது. நடுவில் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. மூவாயிரம் சும்மா வருகிறதே என்று தனித்தனியாகப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு முதல் விமானமே இரண்டு மணி நேரம் தாமதம். வானிலை என்றார்கள். நாங்கள் கொல்கத்தாவில் தரை தொட்டபோது இரண்டாவது விமானம் கிளம்பிப் போயிருந்தது. முதல் கம்பெனி கவுண்டரில், உங்கள் டிக்கெட் கொல்கத்தாவோடு முடிந்தது, நாங்கள் கொண்டுவந்து விட்டுவிட்டோம் என்றார்கள். இரண்டாவது கம்பெனி கவுண்டரில், நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, பணம் திரும்பாது என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரிதான். அன்றைக்கு வேறு சீட் இல்லை. மறுநாளைக்குப் புது டிக்கெட், கடைசி நேர விலையில். ராத்திரி தங்க லாட்ஜ். குழந்தைக்குப் பால் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் தம்பி மனைவி அழுதுவிட்டாள், அம்மா விமான நிலையத்து நாற்காலியில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி எனக்கு இன்னும் போகவில்லை.

ஒரே பிஎன்ஆரில் போட்டிருந்தால் முதல் விமானம் தாமதமானதற்கு அந்தக் கம்பெனிதான் பொறுப்பு, அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். பெட்டியும் பெங்களூரில் கொடுத்தால் திப்ரூகரில்தான் கையில் வரும், நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. திரும்பி வரும்போது அப்படித்தான் வந்தோம், ஒரு சிக்கலும் இல்லை.

ஒரே பிஎன்ஆரில் போட்டாலும் இரண்டைப் பாருங்கள். நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும், குழந்தை இருந்தால் இரண்டரை. ஐந்து மணிக்கு மேல் போகவும் வேண்டாம். அப்புறம், பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் அதன் கைப்பிடியில் ஒட்டுகிற சீட்டில் டிஐபி என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் அங்கேயே கொடுத்துவிடுவார்கள், இரண்டு இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தாமதமானால் கேட்டு வாங்க வேண்டியதும் உண்டு. இரண்டரை மணி நேரம் வரை பறக்கிற விமானம் இரண்டு மணிக்கு மேல் தாமதமானாலும், அதைவிட நீண்ட விமானம் மூன்று மணிக்கு மேல் தாமதமானாலும், காத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையான டிஜிசிஏவின் விதி. ஆறு மணிக்கு மேல் போனால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை, கவுண்டரில் போய்க் கேளுங்கள்.

5. பெயர், ஆதார், குழந்தையின் சான்றிதழ்

நமக்கெல்லாம் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு இனிஷியல். டிக்கெட் படிவத்தில் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். அம்மா ஆதாரில் பெயருக்குப் பின் 'கே' என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது, அந்தத் தளம் ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை. இப்படி வந்தால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து எழுதுங்கள், அதுவும் ஆதாரில் விரிவாக வேறு எங்கும் இல்லையென்றால் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதலாம். வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டும் கூடவே கூடாது. எழுத்துப்பிழை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பெயர் திருத்தக் கட்டணம் கிடையாது. ஏஜென்ட் மூலமாகப் போட்டால் இந்தச் சலுகையை நம்ப முடியாது.

ஆதார் ஒரிஜினல் கையில் வேண்டும். போனில் இருக்கும் எம்-ஆதார், டிஜிலாக்கரும் செல்லும். ஜெராக்ஸ் எடுபடாது.

குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். இரண்டு வயது முடியாத குழந்தை மடியில் உட்கார்ந்து வரலாம், சீட்டு கிடையாது, ஒரு கட்டணம் உண்டு. பெரியவர் ஒருவருக்கு ஒரு குழந்தைதான். இதில் கவனிக்க வேண்டியது, திரும்பி வரும் தேதியிலும் இரண்டு முடியாமல் இருக்க வேண்டும், நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால் வரும்போது முழு சீட்டு போட வேண்டும். இன்னொன்று, ஆஸ்பத்திரியிலிருந்து பதிவான சான்றிதழில் பல குழந்தைகளுக்குப் பெயர் இடம் காலியாகவே இருக்கும். எங்கள் பையனுக்கும் அப்படித்தான் இருந்தது, கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் பார்த்தோம். பெயர் சேர்ப்பது ஒரு வருடத்துக்குள் என்றால் இலவசம், அதற்கு மேல் தாமதக் கட்டணம். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில், அது பேரூராட்சியோ நகராட்சியோ, எழுதிக் கொடுக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

அசாமுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை அருணாச்சலத்தில் இருந்தால் இன்னர் லைன் பர்மிட் கட்டாயம், இந்தியக் குடிமக்களுக்கும்தான். திப்ரூகரில் இறங்கி ஆற்றைத் தாண்டிப் பாசிகாட் போகிறவர்கள் நிறைய. பர்மிட்டை அருணாச்சல அரசின் தளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் விண்ணப்பம் நிரப்புவது நடக்கிற காரியம் இல்லை.

6. பணம்

ராணுவத்தாருக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் சில விமானக் கம்பெனிகள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. டிக்கெட் தேடும் பக்கத்திலேயே அந்தத் தேர்வு இருக்கும். ராணுவத்தாரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் டிபென்டன்ட் கார்டு கையில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். கார்டு தம்பியிடம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் போட்டோ இருக்கிறது என்றால் கவுண்டரில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், ஏறவே விடாமலும் போகலாம்.

ஒரு மாதம் முன்னால் பார்த்தபோது எங்களுக்குத் தலைக்கு எட்டாயிரம் சொச்சம் வந்தது, கடைசி நாளில் கொல்கத்தா – திப்ரூகர் துண்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட அவ்வளவு கொடுத்தோம். பொங்கல், தீபாவளி, துர்கா பூஜை, ஏப்ரல் நடுவில் அசாமியர்களின் பிஹு, இந்த நாட்களை ஒட்டிப் போட்டால் விலை ஏறியிருக்கும். டிக்கெட் விலையோடு சீட்டு எண் தேர்வு, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் என்று தானாகவே டிக் விழுந்திருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். சீட்டு எண்ணுக்குப் பணம் கட்டாமலும் செக்-இன் செய்யலாம்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி இலவசம். 48 மணி நேரம் முன்னால் பதிந்துவிடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, முதலில் கூச்சப்பட்டு வேண்டாம் என்றார். கொல்கத்தாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்தபின் திரும்பும்போது அவரே கேட்டார்.

7. மூட்டை

உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ உள்ளே போடலாம், கையில் 7 கிலோ. அம்மா தம்பிக்காகக் கேழ்வரகு மாவு ஐந்து கிலோ அரைத்து, மஞ்சள் துணிப்பையில் கட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார். அங்கே களி கிண்ட மாவு கிடைக்காது என்று அவருக்குக் கவலை. தராசில் வைத்தால் பெட்டி 17.4. பெங்களூரு கவுண்டர் முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து, பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, மாவுப் பொட்டலத்தை எடுத்துத் தம்பி மனைவியின் பெட்டிக்கு மாற்றினோம். அவிழ்ந்த முனையிலிருந்து மாவு கொட்டி அந்தப் பளபளப்பான தரையில் ஒரு கை அகலத்துக்குப் பரவியது, அம்மா குனிந்து அதை முந்தானையால் துடைத்தார். வீட்டிலேயே பக்கத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்துவிடுங்கள். பதினாலரைக்கு மேல் வேண்டாம்.

ஊறுகாய், நெய், தேன், மிளகாய்த்தூள் எதுவும் கைப்பையில் வேண்டாம், சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். உள்ளே போகிற பெட்டியில், மூடியை டேப் போட்டுச் சுற்றி வையுங்கள். கொப்பரைத் தேங்காய் தடை செய்யப்பட்டது, எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று கணக்கு. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், கைப்பையில்தான் இருக்க வேண்டும், உள்ளே போகிற பெட்டியில் இருக்கக் கூடாது. தீப்பெட்டி, லைட்டர் எதிலும் கூடாது. மாம்பழம் தாராளமாகக் கொண்டுபோகலாம், சீசனில் போகிறவர்கள் செங்காயாக எடுத்துப் போங்கள், போய்ச் சேரும்போது பதமாக இருக்கும்.

8. வீட்டிலிருந்து தேவனஹள்ளி வரை

உள்நாட்டு விமானத்துக்குக் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும், ஏறும் கதவு இருபத்தைந்து நிமிடம் முன்னால். முதல் தடவை போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். காலை ஆறு மணி விமானம் என்றால் கிருஷ்ணகிரியில் இரவு ஒரு மணிக்கு வண்டி நகர வேண்டும், தர்மபுரியில் பன்னிரண்டேகாலுக்கு. ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே போய்விடலாம், மிச்சம் இருப்பது டீ குடிக்கவும் டயர் பஞ்சரானால் மாற்றவும். பகல் விமானம் என்றால் கணக்கே வேறு. எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் இந்த மூன்று இடத்திலும் நின்று நின்று போக வேண்டும், ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் போகாமல் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஒசக்கோட்டை வழியாகவும் தேவனஹள்ளிக்குப் போகலாம், பழகிய ஓட்டுநராக இருந்தால் அவரைக் கேளுங்கள்.

டாக்சி பேசும்போது சுங்கமும் கர்நாடக வரியும் வாடகைக்குள் அடங்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்களிடம் மூவாயிரத்து எண்ணூறு என்று பேசிவிட்டு அத்திப்பள்ளியில் நிறுத்தி மேலே பணம் கேட்டார்கள், அர்த்த ராத்திரியில் குழந்தையோடு யார் வாதாடுவது? தனியாளாகப் போகிறவர்கள் ஓசூர் வழி பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால் அங்கிருந்து விமான நிலையத்துக்கே நேராக வாயு வஜ்ரா பஸ் இருக்கிறது.

பெங்களூரில் டெர்மினல் ஒன்று, இரண்டு என இரண்டு இருக்கின்றன. டிக்கெட்டில் டி1 அல்லது டி2 என்று போட்டிருக்கும். ஓட்டுநருக்கு அதை அத்திப்பள்ளி தாண்டும்போதே சொல்லிவிடுங்கள்.

9. இறங்கியபின்

திப்ரூகர் விமான நிலையம் மோகன்பாரி என்ற இடத்தில் இருக்கிறது, ஊருக்கு 15 கிலோமீட்டர். சின்ன நிலையம், தொலைந்து போக வழியில்லை. ஆனால் வெளியே வந்து மணியைப் பாருங்கள், வானத்தையும் பாருங்கள். கிருஷ்ணகிரி இருப்பது தீர்க்கரேகை 78 டிகிரியில், திப்ரூகர் 95-ல். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று போட்டால் நம்மைவிட அங்கே சூரியன் ஒரு மணி ஏழு எட்டு நிமிடம் முன்னால் உதித்து முன்னால் மறைகிறது, கடிகாரம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. குளிர்காலத்தில் பகலும் குறுகிவிடுவதால் நாலரை மணிக்குள் பொழுது சாய்ந்து, ஐந்தேகாலுக்கு நம் ஊர் ஏழரை மணி போல இருட்டு. மூன்றரை மணிக்கு இறங்கும் விமானம் நமக்கு மத்தியான விமானம் மாதிரித் தெரியும், அங்கே அது சாயங்கால விமானம். பகல் ஒரு மணிக்குள் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். தின்சுகியா வரை ஒரு மணி நேரம்தான், அருணாச்சலப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் பல மணி நேரப் பயணம் இருக்கிறது, பிரம்மபுத்திராவின் மேலுள்ள போகிபீல் பாலத்தைத் தாண்டவே பொழுது வேண்டும், அது மட்டும் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கம்பளி, குழந்தையின் ஸ்வெட்டர், ஒரு நாளுக்கான பால்பவுடர், பிளாஸ்க், மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கொல்கத்தாவில் நாங்கள் தங்கிய ராத்திரி இதெல்லாம் பெட்டிக்கு அடியில் இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிரம்மபுத்திராவில் வெள்ளம் வரும் காலம், ரோடு அறுபட்டுக் கிடக்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் அங்கே இருக்கிறவர்களிடம் ரோடு எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் போகும்போதே போட்டு வையுங்கள். ஏதாவது காரணத்தால் விமானம் ஒத்துவரவில்லையென்றால் கன்னியாகுமரி – திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் சேலத்தில் நிற்கும், ஏறினால் இறங்க வேண்டியதில்லை, ஆனால் சேலத்திலிருந்தே சுமார் இரண்டரை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். கீழ் பெர்த் வேண்டுமென்றால் அன்றைக்குத்தான் கிடைக்கும்.